காசிமேட்டு நண்டும் எண்ணூர் ஆழியும்: ஜீன் எங்கே, எப்போது இயங்குகிறது?

காசிமேட்டில் நண்டு வாங்கிச் சுத்தம் செய்பவர்கள் முதலில் கொடுக்கை ஒடிப்பார்கள், அப்புறம் ஓட்டைப் பெயர்ப்பார்கள். வாயை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு நீலக்கால் நண்டைத் திருப்பிப் பிடித்து, கண்களுக்குக் கீழே பாருங்கள். இரட்டைக் கதவு போல இரண்டு தட்டையான பட்டைகள் வாயை மூடியிருக்கும். நகத்தால் விலக்கினால் உள்ளே அதைவிட மெலிதாக இன்னொரு ஜோடி, அதற்கும் உள்ளே மற்றொரு ஜோடி. இந்த மூன்று ஜோடியும் பிறப்பால் கால்கள். நெஞ்சுப் பகுதியில் எட்டு வளையங்கள்; பின்னால் உள்ள ஐந்தில் கொடுக்கும் நடக்கும் கால்களும் முளைத்திருக்கின்றன. முன்னால் உள்ள மூன்றில் முளைத்தவை நடையை விட்டுவிட்டு, தீனியைப் பிடித்து வாய்க்குள் தள்ளும் வேலைக்குப் போய்விட்டன. தாடைக்கால் என்று அவற்றைச் சொல்லலாம். இறாலுக்கும் இதே கணக்குதான்.

இதற்கு நேர்மாறான ஒரு பிராணி கொளத்தூரில் டப்பாவில் கிடைக்கும். வண்ண மீன் கடைகளில் குஞ்சுகளுக்குத் தீனியாக விற்கிற ஆர்ட்டீமியா. அதுவும் நண்டு, இறால் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அதன் நெஞ்சில் பதினொரு ஜோடிக் கால்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. தாடைக்கால் என்று எதுவும் பிரியவில்லை.

மிகாலிஸ் அவெரோஃப், நிபம் படேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு பழைய ஜீனை. அல்ட்ராபைதோராக்ஸ், சுருக்கமாக யூபிஎக்ஸ். பழ ஈயிலும் உண்டு, ஆர்ட்டீமியாவிலும் உண்டு, சிங்கி இறாலிலும் உண்டு. ஜீன் புதிதில்லை, அது இயங்கும் இடம்தான் மாறியிருந்தது. ஆர்ட்டீமியாவின் கருவில் நெஞ்சின் முதல் வளையத்திலிருந்தே யூபிஎக்ஸ் இயங்குகிறது. தாடைக்கால் உள்ள இனங்களில் முன்வளையங்களில் அது அடங்கிக் கிடக்கிறது, பின்னால் இருந்துதான் தொடங்குகிறது. எந்த வளையத்தில் அது பின்வாங்கியதோ அங்கே கால், தாடைக்காலாக மாறியிருக்கிறது.

அது வெறும் பொருத்தம்தானா, உண்மையான காரணமா என்று கேட்கலாம். கேட்டார்கள். பதில் சொல்ல, ஜீனை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016இல் பர்ஹையாலே என்ற நகக்கண் அளவுள்ள ஓட்டுயிரியில் படேலின் குழு யூபிஎக்ஸை உடைத்துப் பார்த்தது. அதில் இயல்பாகத் தாடைக்காலாக இருக்கும் முதல் ஜோடிக்குப் பின்னால் இருந்த கால்களும் தாடைக்கால்களாக முளைத்தன. சொல்லப்போனால் இந்தப் பர்ஹையாலே ஆய்வகத்துக்கு வந்த கதையே வேடிக்கையானது: 1997இல் சிகாகோ நகரத்து ஷெட் மீன் காட்சியகத்தின் தண்ணீர் வடிகட்டியில் தானாக வளர்ந்துகொண்டிருந்ததை எடுத்து வந்தார்கள். கொளத்தூர்க் கடைத் தொட்டிகளின் வடிகட்டியை இதுவரை யாராவது அந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்களா தெரியாது.

ஒரே ஜீன், வேறு இடம், வேறு உறுப்பு. முதுகெலும்பில்லாத உயிர்களின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ எழுத்துத் தொகுப்பு, பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்தச் செய்திகள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன: இத்தனை கோடி எழுத்து, இத்தனை ஆயிரம் ஜீன். எண்ணிக்கையை வைத்து ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. 1998இல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட விலங்கு ஜீனோம் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் உருளைப்புழுவுடையது. அதில் ஏறக்குறைய 20,000 ஜீன்கள். மனிதனிலும் அதே அளவுதான். 2007இல் படித்த கடல் சாமந்தி நெமட்டோஸ்டெல்லாவில் 18,000. மூளையே இல்லாத அந்தப் பிராணியின் ஜீன் அமைப்பு, பழ ஈயைவிட நம்முடையதுக்கு நெருக்கமாக இருந்தது. முன்பு சொன்ன பர்ஹையாலேவின் ஜீனோம் 360 கோடி எழுத்து, மனிதனுடையதைவிடப் பெரியது. இதையெல்லாம் பார்த்த பிறகு, வித்தியாசம் பட்டியலில் இல்லை, பட்டியலை யார் எப்போது திறக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் ஜீனோம் காலத்துக்கு முந்தியது. 1961இல் ஜாகோப், மோனோ இருவரும் பாக்டீரியாவில் ஜீனை அடக்கியும் அவிழ்த்தும் வைக்கும் ஏற்பாடு இருப்பதைக் காட்டினார்கள். 1969இல் ராய் பிரிட்டன், எரிக் டேவிட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலங்குகளுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாட்டு வலை இருக்க வேண்டும் என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். டேவிட்சன் அதற்குப் பிறகு தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடல் முள்ளெலியின் கருவோடு கழித்தார். எந்த ஜீன் எந்த ஜீனைத் தட்டி எழுப்புகிறது என்று மணிக்கணக்கு வைத்து வரைந்த அந்த வலைப்படம் இன்றைக்கும் இந்தத் துறையின் மாதிரிப் படம்.

சரி, ஜீனைத் திறந்து மூடும் அந்தச் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன? புரதத்துக்கான குறிப்பு மனித ஜீனோமில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மீதி இடத்தில்தான், வேறு பலவற்றோடு, என்ஹான்சர் எனப்படும் சிறு துண்டுகள் கிடக்கின்றன. சில புரதங்கள் வந்து அதில் ஒட்டினால் எங்கோ தள்ளி இருக்கிற ஜீன் இயங்கத் தொடங்கும். ஒரு ஜீனுக்கு இப்படிப் பல துண்டுகள் இருக்கலாம்: ஒன்று காலுக்கு, ஒன்று செவுளுக்கு, ஒன்று கருப்பருவத்துக்கு மட்டும்.

சிக்கல் இங்கேதான். ஜீனை உறவு பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஈயில் யூபிஎக்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நண்டில் அதைக் கணினியிலேயே தேடி எடுக்கலாம். என்ஹான்சர் அப்படி அகப்படாது. அதன் எழுத்து வரிசை மிக வேகமாக மாறும். 2020இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆஸ்திரேலியக் கடலில் வாழும் ஒரு கடற்பஞ்சின் டிஎன்ஏவிலிருந்து, ஜீனைச் சுற்றியுள்ள சில துண்டுகளை வெட்டி வரிக்குதிரை மீனுக்குள் வைத்தார்கள். மீனில் அவற்றோடு ஒத்துப்போகிற எழுத்து வரிசை எதுவும் இல்லை. ஆனாலும் அவை வேலை செய்தன. மீனின் குறிப்பிட்ட சில செல்களில் மட்டும் ஜீனை இயக்கின. எழுத்து பொருந்தாமலேயே பேச்சு புரிந்தது. ஆக, எழுத்தை மட்டும் கணினியில் வைத்துத் தேடியிருந்தால் அந்தத் துண்டுகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இதனால்தான் 'ஜீனோம் தயார்' என்ற அறிவிப்பைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு என்கிறேன். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பச்சை ஆழியின் (சிப்பி போல இரண்டு ஓடுள்ள, கல்லில் ஒட்டி வாழும் உயிர்) ஜீனோமைப் படித்து முடித்திருக்கிறது: 72 கோடி எழுத்துக்குச் சற்று மேல், 15 குரோமோசோம். நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், இந்திய வெள்ளை இறாலின் ஜீனோமைப் படித்திருக்கிறது. இரண்டும் நல்ல வேலை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக் கல்லில் ஒட்டியிருக்கும் ஓர் ஆழி, மழைத்தண்ணீர் இறங்கும் வாரத்தில் எந்த ஜீனை மூடி எதைத் திறக்கிறது என்பது அந்த எழுத்துகளில் எழுதியிருக்காது. அதற்கு உயிருள்ள ஆழி வேண்டும், அந்த வாரத்தில் எடுத்தது வேண்டும்.

சுவிட்சைத் தெரியாமலேயே சுவிட்சைப் போட்ட கதை ஒன்று இறால் தொழிலில் உண்டு. குஞ்சு பொரிப்பகத்தில் தாய் இறால் எளிதில் சினைப்பிடிக்காது. அதன் ஒரு கண்ணை, கண் உட்கார்ந்திருக்கும் காம்போடு நசுக்கிவிடுவார்கள், அல்லது நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சில நாளில் முதுகுப்பக்கம் பச்சையாகச் சினை ஓடத் தொடங்கும். பார்க்கக் கொடுமையான வேலை. ஆனால் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடந்தது. கண்காம்பை எடுத்தால் சினை முற்றுகிறது என்று 1943இல் பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு சிற்றிறாலில் கண்டதுதான் இதற்கு மூலம்.

காரணம் பார்வை சம்பந்தப்பட்டதில்லை. கண்காம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சினையை அடக்கி வைக்கும் ஹார்மோனை விடுகிறது. அந்த ஹார்மோன் இருக்கும்வரை விட்டெலோஜெனின் என்ற ஜீன், முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தருவது, மந்தமாகவே கிடக்கும். காம்பு போனால் ஹார்மோன் குறையும், ஜீன் விழிக்கும், சினை திரளும். கூடவே தோலுரிப்பு உட்பட இன்னும் பலவும் தாறுமாறாகும், ஏனென்றால் அந்த ஒரே காம்பில் வேறு ஹார்மோன்களும் இருக்கின்றன. ஒரு விளக்கை அணைக்க மெயினைப் பிடுங்குகிற காரியம் அது. ஹார்மோனின் ஜீன் எது என்று தெரிந்த பிறகு வேறு வழி பிறந்தது. 2011இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்ணைத் தொடாமல், அந்த ஹார்மோனின் ஜீனிலிருந்து படியெடுத்த செய்தி ஆர்என்ஏவை மட்டும் அழிக்கிற இரட்டை இழை ஆர்என்ஏவைக் கருவண்டு இறாலுக்கு ஊசியில் போட்டார்கள். சினை முற்றியது, முட்டையும் இட்டது. ஜீன் கட்டுப்பாடு என்ற சொல் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இவ்வளவு சுவையான உயிர்கள் ஏன் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கின்றன? உலகத்து விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முதுகெலும்பில்லாதவை. பணமும் ஆளும் பழ ஈ, உருளைப்புழு, எலி என்று சிலவற்றின் பக்கமே போனது ஒரு காரணம். மற்ற காரணங்கள் கையில் ஒட்டுகிறவை, அதாவது நிஜமாகவே கையில் ஒட்டுகிறவை. ஆழியையோ கணவாயையோ அரைத்தால் வரும் கொழகொழப்பு, டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து, அதைப் படிக்கும் நொதிகளை முடக்கிவிடும். சிப்பிகளில் அம்மாவிடமிருந்து வந்த பிரதிக்கும் அப்பாவிடமிருந்து வந்ததுக்கும் வித்தியாசம் அதிகம். இரண்டையும் ஒன்றாக அடுக்கப் போனால் கணினி குழம்பும். 2012இல் பசிபிக் சிப்பியின் ஜீனோமைப் படிக்க, நான்கு தலைமுறை உடன்பிறந்தவற்றையே இணை சேர்த்து வளர்த்த ஒரு சிப்பியைத்தான் பயன்படுத்தினார்கள். இறாலில் வேறு தலைவலி: வனாமி இறாலின் 166 கோடி எழுத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது, இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் வெற்று வரிசை. துண்டு துண்டாகப் படித்து அடுக்குகிறவர் எந்தத் துண்டை எங்கே வைப்பார்? நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

சுவிட்சுகளைப் படிப்பதற்கு இன்னொரு திருப்பம் 2013இல் வந்தது. அட்டாக்-சீக் என்று பெயர். டிஎன்ஏ செல்லுக்குள் சுருட்டி மடித்து வைக்கப்பட்டிருக்கும். இயங்குகிற இடங்கள் மட்டும் அவிழ்ந்து திறந்திருக்கும். திறந்த இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு நொதியை உள்ளே விட்டால், வெட்டுப்பட்ட துண்டுகளே சுவிட்சுகளின் முகவரியைச் சொல்லிவிடும். பழைய முறைகளுக்குப் பல லட்சம், கோடி செல்கள் வேண்டும். இதற்கு 50,000 போதும். ஒரு புழுவின் கருவையெல்லாம் பிறகு எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு அதனால்தான் பதில் கிடைத்தது. 2023இல் ஒவீனியா என்ற கடற்புழுவில் இந்த முறையோடு சேர்த்துப் பார்த்தபோது, தலை மட்டும் நீந்திக்கொண்டு திரியும் அதன் இளம்பருவத்தில் உடலை வகுக்கிற ஹாக்ஸ் ஜீன்கள் வெகுநேரம் பேசாமல் இருப்பதும், உருமாற்றம் நெருங்கும்போதுதான் இயங்குவதும் தெரிந்தது. நேராகப் புழுவாகவே வளரும் சொந்தக்கார இனங்களில் அதே ஜீன்கள் முன்கூட்டியே தொடங்கிவிடுகின்றன. நண்டில் இடம் மாறியது, இங்கே நேரம் மாறியிருக்கிறது.

ஆனால் இந்த வேலைக்கெல்லாம் ஐஸ் சரக்கு ஆகாது. விசைப்படகு பல நாள் கடலில் தங்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவரும் கணவாயில் டிஎன்ஏ கிடைக்கும், இன்ன இனம் என்று சொல்லிவிடலாம். ஆர்என்ஏ அதற்குள் நைந்துபோயிருக்கும். டிஎன்ஏவின் திறந்த இடம் மூடிய இடமெல்லாம் கலைந்திருக்கும். விடியற்காலை கரைக்கு வரும் ஃபைபர் படகுச் சரக்கு வேறு. "அக்கா, இது இன்னைக்குப் புடிச்சதா, ஐஸா?" என்று கேட்டால் கூடைக்காரம்மா பொய் சொல்ல மாட்டார், விலையே அதைக் காட்டிவிடும். குழம்புக்குக் கேட்கிற அந்தக் கேள்வியை ஜீன் ஆய்வும் கேட்டாக வேண்டும். இன்னும் ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. ஆண்டு முழுக்க மாதாமாதம் மாதிரி வேண்டும் என்று திட்டம் போடுகிறவர் இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பல இனங்கள் முட்டையிடும் பருவமே அட்டவணையில் விடுபட்டுப் போகும்.

கணவாய் பற்றி ஒரு சொல். கணவாய் வகைகளும் ஆக்டோபஸும், டிஎன்ஏவில் எழுதியதை ஆர்என்ஏவில் படியெடுத்த பிறகு, ஆங்காங்கே எழுத்தைத் திருத்திவிட்டுப் புரதம் செய்கின்றன. மனிதனிலும் இது உண்டு, ஆனால் புரதத்தையே மாற்றும் அளவுக்கு மிகச் சில இடங்களில்தான். கணவாயின் நரம்புச் செல்களில் பாதிக்கு மேற்பட்ட செய்திகள் திருத்தப்படுகின்றன. 2023இல் ஆக்டோபஸைக் குளிர்ந்த நீரில் விட்டபோது திருத்தம் கூடியது. ஆக, ஜீனோமைப் படித்தாலும் கணவாயின் மூளைப் புரதம் என்னவென்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் எவ்வளவு சூடு என்றும் கேட்க வேண்டும்.

சூடு என்றதும் எண்ணூருக்கு வந்துவிட்டோம். அனல்மின் நிலையத்தின் வெந்நீர், சாம்பல், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் என்று அந்தக் கழிமுகம் பார்க்காதது இல்லை. கல்லில் ஒட்டியிருக்கும் ஆழியும் சிப்பியும் ஓடி ஒளிய முடியாதவை. அவற்றால் முடிந்தது ஜீனை மாற்றி இயக்குவதுதான். பசிபிக் சிப்பியில், சூட்டில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் எச்எஸ்பி70 வகை ஜீன்கள் 88 இருக்கின்றன. நம்மிடம் 17 அளவில்தான். உலோகம் கூடினால் மெட்டலோதயோனின் என்ற புரதத்துக்கான ஜீன் வேகமெடுத்து, அந்த உலோகத்தைக் கட்டிப்போடும். அப்படியானால் ஆழியின் ஆர்என்ஏவை அளந்தே மாசைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆழியின் சதையில் சேரும் நச்சை அளந்து கடற்கரையைக் கண்காணிக்கும் திட்டத்தை அமெரிக்கா 1986 முதல் நடத்துகிறது. அதன் அடுத்த படி மாதிரித் தெரியும்.

அவ்வளவு எளிதில்லை. எச்எஸ்பி70 சூட்டுக்கும் ஏறும், உப்பு குறைந்தாலும் ஏறும், வற்றம் வந்து வெயிலில் காய்ந்தாலும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாற்று வெள்ளம் இறங்கும்போது எண்ணூர் ஆழிக்கு உப்பு திடீரென்று குறையும். முகத்துவாரம் மணலால் தூர்ந்த கோடையில் நிலைமை தலைகீழ். இந்த ஆண்டுச் சுழற்சியில் அந்த ஜீன்கள் தாமாகவே எப்படி ஏறி இறங்குகின்றன என்ற அடிப்படைக் கணக்கு இல்லாமல், ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்து 'மாசால் ஏறியது' என்று சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கலைத்துவிடுவார். வேறு ஊர் ஆழியின் கணக்கும் இங்கே செல்லாது. கழிமுகத்திலேயே, மாசு குறைந்த ஓர் இடத்தோடு ஒப்பிட்டு, பருவம் தவறாமல் எடுத்த கணக்கு வேண்டும். செலவு அதிகமில்லை, பொறுமைதான் அதிகம் வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குப் பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

கடைசியாக, எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் அந்த வேண்டாத விருந்தாளி. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. கப்பல்கள் ஆட்டம் குறைய அடியில் ஏற்றிக்கொள்ளும் நிலைப்பு நீரில் வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. சேற்றின் மேல் கம்பளமாகப் படர்ந்துவிடுகிறது. மஞ்ச மட்டி அடியில் மூச்சுமுட்டுகிறது, கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குத் தடவ மண்ணே இல்லை, ஓட்டின் விளிம்பு விரலை அறுக்கிறது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், அள்ளி எடுப்பது பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது.

அள்ளுவதற்கு முன் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த ஆழியைத் தீனி இல்லாமல் நீண்ட நாள் வைத்தபோது பெண் ஆழிகள் ஆணாக மாறியதாக 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பட்டினி எந்த ஜீன்களை அடக்கி எவற்றை அவிழ்த்தது என்பதுதான் விஷயம். முட்டை போடுவது செலவுமிக்க வேலை, தீனி குறைந்தால் ஆணாக இருப்பது லாபம். இனி வருவது என் ஊகம். நெருக்கியடித்துப் படர்ந்த கம்பளத்தில் ஒவ்வொரு ஆழிக்கும் கிடைக்கும் தீனி குறைவு, ஆண் கூடுதலாக இருக்கலாம். பாதியை அள்ளிவிட்டுப் பாதியை விட்டால் மிஞ்சியவற்றுக்குத் தீனி தாராளம். பெண்கள் கூடி, முட்டையும் கூடலாம். அள்ளிய இடம் அடுத்த பருவத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிரம்பவும் கூடும். சரியா தவறா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. அள்ளுவதற்கு முன்பும் பின்பும், ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சில நூறு ஆழிகளைத் திறந்து சினையை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆண் பெண் விகிதம் தெரிந்துவிடும். அதிலேயே கொஞ்சம் சதையைக் கரையிலேயே ஆர்என்ஏ காக்கும் திரவத்தில் போட்டு வைத்தால், எந்த ஜீன் முதலில் திரும்பியது என்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.